மேஜைமேல் ஒரு மலை



நம்மில் பலர் விடுமுறை நாளில் கல்வராயன் மலைக்குப் போய் வந்திருப்போம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வரை வண்டி சீராக ஓடும். கோமுகி அணையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் ஓட்டுநர் கியரைக் குறைப்பார், பேச்சையும் குறைப்பார். போனில் உள்ள வரைபடத்தில் வெள்ளிமலை விரற்கடை தூரம்தான். மேலே போய்ச் சேரும்போது அந்த விரற்கடை எவ்வளவு நீளம் என்பது இடுப்புக்குத் தெரிந்துவிடும்.

இந்தச் சாதாரண அனுபவத்தை விதியாக எழுதி வைத்திருக்கும் ஒரு விளையாட்டு இருக்கிறது. அதன் வரலாற்றையும், நம் மலையைச் சுற்றி உண்மையிலேயே நடந்த போர்களையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. கடைசியில் வீட்டிலேயே ஆடிப் பார்க்க ஒரு சிறு ஆட்டமும் தந்திருக்கிறேன். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஸ்கேல் வைத்து ஆடும் ஆட்டம்

மினியேச்சர் போர் விளையாட்டு என்பது பெரிய மேஜையில் ஆடுவது. விரல் உயரப் பொம்மை வீரர்கள், குதிரைகள், பீரங்கிகள் இருக்கும். அட்டையிலும் தெர்மாகோலிலும் செய்த குன்றுகள், காடுகள், ஆறுகள் இருக்கும். சதுரங்கத்தில் இருப்பதுபோல் கட்டங்கள் கிடையாது. ஸ்கேலோ டேப்போ வைத்து அளந்து பொம்மைகளை நகர்த்த வேண்டும். சண்டையின் முடிவைப் பகடை சொல்லும்.

முதன்முறை பார்ப்பவர்கள் பகடையைத்தான் கவனிப்பார்கள். நாள்பட ஆடியவர்கள் நிலத்தைக் கவனிப்பார்கள். ஆட்டம் பெரும்பாலும் நகர்வில்தான் தீர்மானமாகிறது. காலாட்படை வெட்டவெளியில் ஒரு முறைக்கு இத்தனை அங்குலம் போகலாம் என்று ஓர் அளவு இருக்கும். காட்டுக்குள்ளோ சரிவிலோ நுழைந்தால் அதில் பாதிதான். வேலியையோ ஓடையையோ தாண்ட வேண்டுமானால் அளவிலிருந்து கொஞ்சம் கழிப்பார்கள். சாலையில் வரிசையாகப் போனால் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பார்கள். செங்குத்துப் பாறை, ஆழமான ஆறு போன்றவை ‘போக முடியாத நிலம்’. அங்கே யாரும் கால் வைக்கக் கூடாது.

1983-ல் இங்கிலாந்தில் வெளியான வார்ஹாமர் ஆட்டத்தின் பழைய பதிப்புகளில் இந்தப் ‘பாதி வேகம்’ விதி உண்டு. 1990-ல் வந்த டி.பி.ஏ. என்ற ஆட்டம் நிலத்தை ‘நல்ல நடை’, ‘மோசமான நடை’ என்று பிரிக்கிறது. அந்த மோசமான நிலம் எல்லோருக்கும் ஒரே அளவு மோசமாக இருப்பதில்லை. கனமான படையைத் திணறடிக்கும் காடு, இலேசான ஆயுதத்தோடு வரும் படைக்கு அவ்வளவு தொல்லை தராது. இந்தச் சின்ன விஷயத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் இது தேவைப்படும்.

தட்டையான பலகையில் மேடு பள்ளம் வந்த கதை

நம் நாட்டில் பிறந்த சதுரங்கம் போரைத்தான் காட்டுகிறது. யானை, குதிரை, தேர், காலாள் என்று நான்கு படைகளும் அதில் உண்டு. ஆனால் பலகை முழுக்கச் சமவெளி. குதிரையைத் தடுக்க ஒரு சேறும் இல்லை, தேரை நிறுத்த ஓர் ஆறும் இல்லை. சீனச் சதுரங்கத்தின் பலகை நடுவே மட்டும் ஓர் ஆறு ஓடுகிறது. யானை அதைக் கடக்கக் கூடாது. ஆற்றைக் கடந்த காலாளுக்குப் பக்கவாட்டில் நகரும் உரிமை கிடைக்கும். நிலத்தை ஆட்டத்துக்குள் கொண்டுவந்த பழைய விதிகளில் அது ஒன்று.

நம் ஆடுபுலி ஆட்டத்தையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. கோயில் மண்டபத் தரைகளில் இன்றும் அந்தக் கோட்டுப் படத்தைக் காணலாம். கோடு இருக்கும் வழியில் மட்டுமே காய் நகரும். காட்டில் எங்கு வேண்டுமானாலும் நடந்துவிட முடியாது, தடம் இருக்கும் இடத்தில்தான் நடக்க முடியும் என்பதை அந்தக் கோடுகள் சொல்கின்றன. மேலே குவிந்து கீழே விரியும் அந்தப் படமும் பார்ப்பதற்கு ஒரு மலை போலத்தான் இருக்கிறது.

மலை, சதுப்பு, ஆறு எல்லாவற்றையும் முறையாக ஆட்டத்துக்குள் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் கணிதம் கற்பித்த ஹெல்விக். 1780-ல் அவர் தம் ஆட்டத்தை நூலாக வெளியிட்டார். அவருடைய பலகையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள். ஒவ்வொரு வகை நிலத்துக்கும் ஒரு நிறம். கட்டங்களை மாற்றி அடுக்கினால் புதுப் புதுப் போர்க்களம் கிடைக்கும்.

அடுத்து வந்தவர்கள் பிரஷ்யாவைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்ற தந்தையும் மகனும். தந்தை கட்டங்களை விட்டுவிட்டு, நிலத்தைப் புடைப்பாகக் காட்டும் ஓடுகளை அடுக்கிய மேஜை ஒன்றைச் செய்து 1812-ல் தம் மன்னருக்குக் கொடுத்தார். இராணுவ அதிகாரியான மகன் 1824-ல் அதை உண்மையான நிலப்படத்தின் மேல் ஆடும் பயிற்சியாக மாற்றினார். நிலப்படத்தின் அளவு 1:8000. ஒவ்வொரு முறையும் களத்தில் இரண்டு நிமிடத்துக்குச் சமம். அந்த இரண்டு நிமிடத்தில் எந்தப் படை, எந்த நிலத்தில், எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவுதான் நகர்த்தலாம். நடுவர் ஒருவர் கூடவே இருந்து கணக்குப் பார்ப்பார். பிரஷ்ய இராணுவம் இதைத் தன் அதிகாரிகளுக்குப் பயிற்சியாகவே ஏற்றது. 1870–71 போரில் பிரான்சை ஜெர்மானியர்கள் வென்ற பிறகு மற்ற நாட்டு இராணுவங்களும் இதைக் கற்றுக்கொண்டன.

வரவேற்பறைத் தரையில் பொம்மை வீரர்களை வைத்துப் பொழுதுபோக்காக ஆடும் முறையை நூலாக எழுதிப் பரப்பியவர் நாவலாசிரியர் எச்.ஜி.வெல்ஸ். ஆண்டு 1913. அவருடைய விதியில் காலாள் ஒரு முறைக்கு ஓர் அடி, குதிரை இரண்டு அடி நகரலாம். இன்றைய மேஜை ஆட்டங்கள் பலவும் அந்த வழியில் வந்தவைதான்.

அதே 1780-ல் இங்கே

ஹெல்விக் பிரவுன்ஷ்வைக்கில் தம் ஆட்டத்தை வெளியிட்ட அதே ஆண்டில், 1780 ஜூலையில், ஹைதர் அலியின் பெரும்படை செங்கம் கணவாய் வழியாக ஆர்க்காட்டுச் சமவெளிக்குள் இறங்கியது. 80 ஆயிரம், 90 ஆயிரம் பேர் என்று வரலாற்று நூல்கள் சொல்லும் படை அது. அங்கே காகிதத்தில் எழுதப்பட்ட விதிகளை இங்கே படைகள் காலால் உணர்ந்துகொண்டிருந்தன.

நம் நிலத்தை ஒரு மேஜையாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கல்வராயன் மலைக்கூட்டம். ஏறத்தாழ 2,000 அடியிலிருந்து 4,000 அடி வரை உயரும் மேட்டு நிலம் அது. மேற்கே சேலமும் பாரமகால் எனப்பட்ட தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமும். அதற்கு மேலே மைசூர். கிழக்கே கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், புதுச்சேரி. மைசூரிலிருந்து கடற்கரைக்குப் போகும் படைக்கு இந்தப் பக்கத்தில் இரண்டு வாசல்கள் உண்டு. வடக்கே ஜவ்வாது மலைக்கும் கல்வராயன் பக்கத்து மலைகளுக்கும் நடுவே செங்கம் கணவாய். தெற்கே கல்வராயனுக்கும் பச்சைமலைப் பக்கத்துக்கும் நடுவே ஆத்தூர் கணவாய். இன்று சேலத்திலிருந்து விருத்தாசலம் போகும் ரயில் ஆத்தூர், சின்னசேலம் வழியாக அந்தத் தெற்கு இடைவெளியில்தான் ஓடுகிறது. சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையும் அப்படியே. நாம் அவசரத்துக்குப் பிடிக்கும் சாலை, பழைய படைகள் பிடித்த சாலையின் தடம்தான்.

இரண்டு வாசலுக்கும் நடுவே மலை இருக்கிறது. எந்தப் பெரும்படையும் பீரங்கியை இழுத்துக்கொண்டு அதன் மேல் ஏறிப் போகவில்லை. காரணம் எளிது. அன்றைய படை என்றால் துப்பாக்கி பிடித்த வீரர் மட்டும் அல்லர். பீரங்கியை இழுக்கப் பல ஜோடி மாடுகள், அரிசி சுமக்கும் பொதிமாடுகள், அவற்றுக்குத் தீவனம், கூடாரம், கடைக்காரர், சமையல்காரர் என்று ஓர் ஊரே நகரும். அந்த ஊரின் வேகம் குதிரையின் வேகம் அல்ல, சுமை மாட்டின் வேகம். மாடு ஏறாத இடத்தில் படையும் ஏறாது. ஆட்டத்தின் பாஷையில் சொன்னால், அந்தப் படைகளுக்குக் கல்வராயன் ‘போக முடியாத நிலம்’.

தியாகதுருகம்: வாசலின் தாழ்ப்பாள்

நடுவில் மலை, இரு பக்கம் வாசல் என்றால் வாசலுக்கு ஒரு தாழ்ப்பாள் வேண்டும். ஆத்தூர் வாசலின் கிழக்குத் தாழ்ப்பாள் தியாகதுருகம். கள்ளக்குறிச்சியிலிருந்து கிழக்கே உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் போகும்போது சமவெளியில் திடீரென்று எழும் பாறைக் குன்றைப் பார்த்திருப்பீர்கள். அதன் மேல் இருந்த கோட்டைக்காக 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், மைசூர்க்காரர் மூவரும் மோதினார்கள். ஆத்தூர் கணவாயிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பாதை ஒன்று அதன் பார்வையில் இருந்தது.

1760-ல் புதுச்சேரியை ஆங்கிலேயர் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சுத் தளபதி லாலி, ஹைதர் அலியோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். மைசூர் குதிரைப்படையும் உணவும் வேண்டும், அதற்கு ஈடாகத் தியாகதுருகம் கோட்டையை ஒப்படைக்கிறோம் என்பது அதன் சாரம். பணத்துக்கும் படைக்கும் ஈடாக ஒரு குன்றைக் கொடுக்க முடிந்தது என்றால், அந்தக் குன்றின் மதிப்பு அதன் பாறையில் இல்லை, அது காவல் காத்த வழியில் இருந்தது. மைசூர்ப்படை வந்தது. அதைத் தடுக்கப் போன மேஜர் மூரின் ஆங்கிலேயப் படையை ஜூலையில் தோற்கடித்து, உணவு மாடுகளைப் புதுச்சேரிக்கு ஓட்டிச் சென்றது. ஆனால் சில வாரத்திலேயே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதருக்கு எதிராகக் கலகம் வெடிக்க, அவர் தம் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டார். உணவு வரும் வழி அடைபட்டது. 1761 ஜனவரியில் புதுச்சேரி பட்டினியால் சரணடைந்தது. பிப்ரவரியில் தியாகதுருகமும் ஏப்ரலில் செஞ்சியும் வீழ்ந்தன.

முப்பது ஆண்டு கழித்து, 1790-ன் இறுதியில், திப்பு சுல்தான் தியாகதுருகத்துக்கு வந்தார். கோட்டையைக் காத்தவர் கேப்டன் பிளின்ட். முன்பு வந்தவாசிக் கோட்டையை ஹைதரிடமிருந்து நீண்ட காலம் காத்து நின்ற அதே அதிகாரி. திப்புவால் தியாகதுருகத்தைப் பிடிக்க முடியவில்லை. அதை விட்டுவிட்டுத் திருவண்ணாமலைப் பக்கம் நகர்ந்தார். பெரிய படை, சிறிய குன்று, ஆனால் குன்றின் மேல் ஏறும் சரிவில் பெரிய படையின் பெருமை எல்லாம் பாதியாகிவிடுகிறது.

சதுப்பும் குன்றும் ஆடிய ஆட்டம்

வடக்கு வாசலில் நடந்ததையும் பாருங்கள். 1767 செப்டம்பர் 3-ஆம் தேதி, செங்கம் அருகே கர்னல் ஜோசப் ஸ்மித்தின் ஆங்கிலேயப் படையை ஹைதரும் ஐதராபாத் நிஜாமும் சேர்ந்து தாக்கினார்கள். பாதையை ஒட்டிய குன்று யார் கையில் என்பதுதான் அன்றைய கேள்வி. ஸ்மித்தின் ஆட்கள் அதைப் பிடித்துச் சண்டையில் வென்றார்கள். ஆனால் சண்டைக்கு நடுவே அவர்களுடைய அரிசியை எதிரிக் குதிரைகள் கொள்ளையடித்துவிட்டன. வென்ற படை பசியோடு, நிற்காமல் திருவண்ணாமலைக்கு நடக்க வேண்டியதாயிற்று.

அதே மாதக் கடைசியில் திருவண்ணாமலை அருகே இரு தரப்பும் மறுபடி எதிரெதிரே நின்றன. நடுவில் கடக்க முடியாத சதுப்பு நிலம். நேராகப் போக வழியில்லாமல் ஸ்மித் வலப்பக்கம் ஒரு குன்றைச் சுற்றிக்கொண்டு போனார். எதிர்த்தரப்பு அதைப் பின்வாங்கல் என்று நினைத்துத் துரத்தப் புறப்பட்டது. குன்றின் மறுபக்கம் ஓடிக்கொண்டிருக்கும் எதிரி கிடைப்பான் என்று எதிர்பார்த்தவர்கள், அணிவகுத்து வரும் படையை நேருக்கு நேர் பார்த்தார்கள். ஹைதரும் நிஜாமும் தோற்றார்கள். ஒரு சதுப்பு வழியைத் திருப்பியது. ஒரு குன்று பார்வையை மறைத்தது. போர் விளையாட்டு விதிப் புத்தகங்களில் நகர்வுக்கு ஒரு பகுதியும் பார்வைக்கு ஒரு பகுதியும் தனித்தனியாக இருப்பதன் காரணம் இதில் விளங்கும்.

நம் பழைய விதிப் புத்தகங்கள்

இந்த ஞானம் நமக்கு வெளியிலிருந்து வந்தது என்று நினைக்க வேண்டாம். படை ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அர்த்தசாஸ்திரத்திலேயே அளவு உண்டு. மட்டமான படை ஒரு யோசனை, நடுத்தரப் படை ஒன்றரை, சிறந்த படை இரண்டு. திருக்குறளில் இடனறிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. தேர் கடலில் ஓடாது, கப்பல் நிலத்தில் ஓடாது என்கிறார் வள்ளுவர். சேற்றில் கால் புதைந்த யானையை நரிகூடக் கொல்லும் என்கிறார். எந்தப் படைக்கு எந்த நிலம் ஆகாது என்ற அட்டவணையை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது.

நம் பக்கத்துக்கு இன்னும் நெருக்கமான நூல் ஒன்று உண்டு. பத்துப்பாட்டில் கடைசியாக உள்ள மலைபடுகடாம். 583 அடிகள் கொண்டது, பெருங்கௌசிகனார் பாடியது. செங்கண்மாத்து நன்னனிடம் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டு அது. செங்கண்மா என்பது இன்றைய செங்கம். ஹைதர் இறங்கிய அதே வாசல்.

அந்தப் பாட்டில் புலவர் தரும் வழிக்குறிப்புகளைப் பாருங்கள். காட்டுப்பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், ஆகவே விடிந்த பிறகு நடங்கள். குழிகளில் பாம்பு இருக்கும், பார்த்துப் போங்கள். தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், அது உங்கள் மேல் விழாதபடி மரங்களின் மறைவில் செல்லுங்கள். வழுக்கும் இடத்தில் பிடிமானத்தைப் பற்றிக்கொண்டு இறங்குங்கள். இரவானால் குகையில் தங்குங்கள். வழியில் உள்ள மலைக்குடியினர் உங்களுக்குச் சோறிட்டு அனுப்புவார்கள்.

போர் விளையாட்டு விதிக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. ரைஸ்விட்ஸின் விதி மலையை வெளியிலிருந்து பார்க்கிறது. இது எவ்வளவு தாமதப்படுத்தும் என்று கேட்கிறது. மலைபடுகடாம் மலையை உள்ளிருந்து பார்க்கிறது. இதில் எப்படி நடப்பது என்று சொல்லித் தருகிறது. அங்கே மனிதர் வாழ்கிறார்கள் என்பதும் அதற்குத் தெரியும்.

மலையேறுபவர்களும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் சொன்னது. ஒவ்வொரு மூன்று மைலுக்கும் ஒரு மணி நேரம் வையுங்கள். அதன் மேல், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம் கூட்டுங்கள். நம் அளவில் ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி. அடிவாரத்திலிருந்து 10 கிலோமீட்டர் நடந்து 600 மீட்டர் ஏற வேண்டிய ஒரு மலைச் சிற்றூரை எடுத்துக்கொண்டால், வெறுங்கையோடு போகும் திடமான ஆளுக்கே மூன்று மணி நேரம். தலைச்சுமை இருந்தால், மழை பெய்தால், கைக்குழந்தை இருந்தால் கணக்கு வேறு.

யாருடைய காலுக்கு எழுதிய விதி?

முன்பு மறக்க வேண்டாம் என்று சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். மோசமான நிலம் எல்லோருக்கும் ஒரே அளவு மோசமில்லை.

பீரங்கிப் படைகளுக்குக் கல்வராயன் போக முடியாத நிலம். அதே நூற்றாண்டில் அந்த மலை மேல் மக்கள் உழுதார்கள், தினையும் சாமையும் விதைத்தார்கள், சந்தைக்கு இறங்கி ஏறினார்கள். மலையாளி என்று பெயர் பெற்ற அந்தப் பழங்குடி மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று கதை சொல்வார்கள். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ். அவர்கள் காலுக்கு அது வீட்டு முற்றம். படைத் தளபதியின் விதிப் புத்தகத்தில் அவர்களுக்கு ஓர் அட்டவணை இல்லை.

விதிப் புத்தகத்தில் இல்லாமல் போனதற்கு அவர்கள் கொடுத்த விலையும் உண்டு. ‘போக முடியாத நிலம்’ என்று படைகள் ஒதுக்கியதை, பின்னால் வந்த அரசுகளும் ஏறக்குறைய அப்படியே ஒதுக்கின. மலை மூன்று ஜாகீர்களின் கையில் இருந்தது. சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்று அந்த ஜாகீர்தார் மரபுகளுக்குப் பெயர். நாடு 1947-ல் விடுதலை பெற்றது. கல்வராயன் மலையில் ஜாகீர் முறை முடிவுக்கு வந்தது 1976-ல்தான். கீழே பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் தேர்தலும் வந்து ஒரு தலைமுறை ஆன பிறகே மலைக்கு அரசு முழுமையாக ஏறியது. படைகளைத் தடுத்த அதே சரிவு, சாலையையும் மருத்துவரையும் தடுத்தது.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. மலைக்கென்று தனி வட்டமும் உண்டு. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தபோது, அங்கே பேசப்பட்ட அடிப்படைத் தேவைகளில் சாலையும் ஒன்று. ஆட்டக்காரர் மேஜையில் ‘பாதி வேகம்’ என்று சிரித்துக்கொண்டே அளக்கும் விஷயம், பிரசவ வலி வந்த பெண்ணைத் தூளியில் கட்டித் தூக்கி இறங்குகிறவர்களுக்கு உயிர்க் கணக்கு.

வீட்டில் ஆடிப் பாருங்கள்

இனி அந்த ஆட்டம். சாப்பாட்டு மேஜை போதும். செலவு கிடையாது.

ஒரு தடித்த துண்டை மடித்து, 60 சென்டிமீட்டர் அகலத்துக்கு மலையாக நடுவில் வையுங்கள். அதன் ஓரத்தைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்குக்கு 120 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு நூலை இடுங்கள். அது ஆத்தூர்ச் சாலை. கிழக்கு முனையில் ஒரு டம்ளரைக் கவிழ்த்தால் தியாகதுருகம். படைக்குப் புளியங்கொட்டை, பீரங்கிக்குச் சட்டைப் பட்டன், மலைக்குடிக்குச் சோழி.

விதிகள் இவை. புளியங்கொட்டை சாலையில் ஒரு முறைக்கு 20 செ.மீ., வெட்டவெளியில் 15 செ.மீ., மலையில் ஏழரை செ.மீ. போகலாம். பட்டன் சாலையில் 10 செ.மீ., வெட்டவெளியில் 5 செ.மீ., மலையில் ஏறவே கூடாது. சோழி எங்கும் 12 செ.மீ.

மேற்கிலிருந்து எல்லாக் காய்களையும் ஒரே நேரத்தில் புறப்பட வையுங்கள். சாலை வழியாகச் சுற்றிவரும் படை 6 முறையில் கிழக்கே சேரும். குறுக்கு வழி என்று மலையில் ஏறிய படைக்கு 8 முறை. பாதி தூரம்தானே என்று ஆசைப்பட்டவர் பிந்துகிறார். பீரங்கிக்கு 12 முறை. பீரங்கிக்காகக் காத்திருந்தால் முழுப் படைக்கும் 12 முறை. மலை வழியாக வந்த சோழியோ 5 முறையில் போய் உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் முதலில் ஏமாற்று என்பார்கள். பிறகு அவர்களே காரணம் சொல்வார்கள்.

அப்புறம் இரண்டாவது ஆட்டம் ஒன்று ஆடுங்கள். இதில் படை வேண்டாம். மலையின் மேற்கு ஓரத்தில் ஒரு சோழியை வையுங்கள், அது நோயாளியைச் சுமந்து வருகிறது. சுமையோடு அதன் வேகம் 5 செ.மீ. கிழக்கே டம்ளர்தான் மருத்துவமனை. 60 சென்டிமீட்டரைக் கடக்க 12 முறை ஆகும். பீரங்கி மலையைச் சுற்றிவர எடுத்துக்கொண்ட அதே 12. இப்போது துண்டின் மேல் வளைந்து வளைந்து போகும் ஒரு நூலை, 100 சென்டிமீட்டர் நீளத்துக்கு, சாலையாகப் போடுங்கள். சாலை வேகம் 20. தூரம் கூடியிருக்கிறது, ஆனால் 5 முறையில் வந்துவிடும்.

பன்னிரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே இருப்பது என்ன என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த முறை வெள்ளிமலைக்குக் காரில் ஏறும்போது, எந்த வளைவில் ஓட்டுநர் கியரைக் குறைக்கிறார் என்று அவர்களையே எண்ணச் சொல்லுங்கள்.